மிருதங்கத்தின்மேல் போட்ட துண்டு

மட்டாஞ்சேரி
8-2-2026

சிரஞ்சீவி கேசவுக்கு அம்மா எழுதுவது. உனக்கும் சௌபாக்கியவதி ஸாதனாவுக்கும் என் ஆசீர்வாதங்கள். பகவான் கிருபையில் நான் எழுந்து நடமாடி என் காரியங்களை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அங்கே கால்கரியில் அந்தப் பனிக்கு நடுவே நீங்கள் இருவரும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன், இருந்தால் மறைக்காமல் தெரிவிக்கவும். என் வலது முழங்கால் முன்போலத்தான், மாடிப்படி ஏறினால் வலி, ஏறாவிட்டால் இல்லை, ஆகையால் ஏறுவதில்லை. ரத்த அழுத்த மாத்திரையை டாக்டர் பாதியாகக் குறைத்திருக்கிறார். கண்ணைக் காட்ட எர்ணாகுளம் போய்வந்தேன், இப்போது நம் ஜெட்டியிலிருந்தே தண்ணீர் மெட்ரோ போகிறது, படகு ஆடுவதே தெரியவில்லை, உள்ளே குளிர்தான் அதிகம், சால்வை கொண்டுபோனது நல்லதாயிற்று. கண்புரை இன்னும் முற்றவில்லையாம், ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். பின்கட்டில் உடைந்த ஓடுகளை மாற்றியாகிவிட்டது, வேலை செய்தவன் ஒழுங்காகச் செய்யவில்லை, மூன்று ஓடு கோணலாக இருந்தது, இறங்கியவனை மறுபடி ஏற்றிச் சரிசெய்ய வைத்தேன்.

இந்தக் கடிதம் எதற்கென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னாய், அங்கே மலையாளிகள் சங்கத்தில் எட்டு மாதமாகச் செண்டை படிக்கிறாய், விஷுவுக்கு உங்கள் மேளம் இருக்கிறது, உன்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் செண்டை தூக்கப் போகிறார்கள், உன்னை மட்டும் பின்வரிசையில் இலைத்தாளம் பிடிக்கச் சொல்லிவிட்டார்கள், அதனால் பதினைந்தாம் தேதி வகுப்பில் கோல்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றுகொள்ளப் போகிறாய் என்று. சொல்லிவிட்டுச் சிரித்தாய். “அன்னிக்கே நீ சொன்னயேம்மா, எனக்குக் கை வராதுன்னு, நீ சொன்னது சரியாத்தான் இருந்தது, நாப்பத்தஞ்சு வயசில தெரிஞ்சுண்டேன்” என்றாய். நானும் “சரி” என்று சொல்லி, ஸாதனாவின் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அந்தச் “சரி”யைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ “ம்” என்பாய், நான் இருமுவேன், பேச்சு வேறு எங்கோ போய்விடும். உனக்கு மலையாளம்தான் வேகமாகப் படிக்க வரும் என்று தெரியும், இருந்தாலும் தமிழில்தான் எழுதுகிறேன், நிறுத்தி நிதானமாகப் படி. பதினைந்தாம் தேதிக்குள் உன் கையில் கிடைக்க வேண்டும் என்பதால் கமலாக்ஷி ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவாள், அசல் தபாலில் வரும். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்கத் தெரியாது, ஆகையால் அவளைப் பற்றியும் தைரியமாக எழுதலாம்.

கமலாக்ஷியை உனக்குத் தெரியும், ஏழெட்டு வருஷமாகக் காலையில் வந்து நம் வீட்டுச் சமையலும் பாத்திரமும் பார்க்கிறவள். பிறந்தது கும்பளங்கி, வாழ்க்கைப்பட்டது பள்ளுருத்தி, புருஷன் ஆட்டோ ஓட்டுகிறார், இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்துவிட்டாள், வயது நாற்பத்தொன்பது. போன சிங்க மாசத்தில், அதாவது நம் ஆவணியில், ஒருநாள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே, பள்ளுருத்தி அம்பலத்தில் ஸ்திரீகளுக்குச் செண்டை படிப்பிக்கிறார்கள், தான் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆசான் ஆலுவாவிலிருந்து சனி ஞாயிறுகளில் வருகிறவர், சிவராமகிருஷ்ணன் என்று பெயர், இருபத்திரண்டு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள், தை மாச உற்சவத்தில் அரங்கேற்றம் என்றாள். அங்கே உங்களுக்கும் இப்படித்தானோ தெரியாது, இங்கே ஆசான் மாதக்கணக்கில் செண்டையைத் தொடவே விடுவதில்லை, புளியங்கட்டையில் கடைந்த இரண்டு தடித்த கோல்களைக் கொடுத்துக் கருங்கல்லின்மேல் அடித்துப் பழகச் சொல்கிறார், கல்லில் உறுதிப்பட்ட கைக்குத் தோலில் அடிப்பது லேசாகிவிடுமாம். கமலாக்ஷி வீட்டில் கல்லும் கிடையாது, இடமும் கிடையாது, மாமியார் படுத்த படுக்கை, டக்கென்று ஒரு சத்தம் கேட்டால் வைகிறாளாம். அதனால் நம் வீட்டு வேலை முடிந்ததும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை நம் பின்கட்டில் அடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். பன்னிரண்டுக்கு மேல் ஒரு அடி விழக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தேன். கல்லும் நானே கொடுத்தேன். மிக்ஸி வந்ததிலிருந்து நம் அம்மி கிணற்றோரம் சும்மாதானே கிடக்கிறது. அவள் கொஞ்சம் தயங்கினாள், “இது அரைக்கிற கல்லாக்குமே மாமி, இதுமேலெ கொட்டினா தோஷமில்லையோ” என்றாள். கல் கல்தான், அரைத்தால் என்ன அடித்தால் என்ன என்று நான் அதிகாரமாகச் சொன்னேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனத்தைச் சொல்லுகிறேன் என்று அப்போது தெரியவில்லை.

முதல் வாரம் அந்த டொக் டொக் சத்தத்தில் பேப்பர் படிக்க முடியவில்லை. இரண்டாம் வாரம் பேப்பரைப் பிடித்துக்கொண்டே எண்ண ஆரம்பித்தேன். முப்பத்தொரு வருஷம் ஐலண்டில் தேயிலைக் கம்பெனி ஆபீசில் டைப் அடித்தவள், எட்டுப் பெண்கள் ஒன்றாக அடிக்கும் அறையில் எவள் மெஷின் தடுக்குகிறது என்று திரும்பிப் பார்க்காமல் சொல்வேன், இவள் கையில் வலது இடது சமமாக விழவில்லை என்பது எனக்குக் கேட்காதா. நன்றாகக் கேட்டது. நான்கு தாளச் சொல்லுக்கு ஒரு தடவை இரண்டு அடியும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது. நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும், சமையலறைக் காலண்டரில் தினம் மார்க் போட்டேன், பத்துக்கு நாலு, பத்துக்கு ஐந்து, மறுபடி நாலு. அவளும் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து “இன்னெக்கு எத்ர மாமி” என்று கேட்பாள். நாலு என்றால் “நேத்தும் நாலாக்குமே, நான் ஃபெயிலாகிப் படிக்கிற கிளாஸாக்கும் இது” என்று சிரித்துக்கொண்டே போவாள். நாளடைவில் சிரிப்பு நின்றது, பிறகு கேட்பதும் நின்றது. டிசம்பரில் ஆசான் ஒவ்வொருவரையாகத் தனியே அடிக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். இவளிடம், இரண்டு கோலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது, மகரம் ஒன்றாம் தேதிக்குள், அதாவது தை பிறப்பதற்குள், சரியாகாவிட்டால் செண்டை கிடையாது, முன்னால் விளக்கு வைத்த தாலப்பொலித் தட்டு எடுத்து நடந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். மறுநாள் வந்தவள் இரண்டு கோலையும் நம் அடுக்களை அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். “நான் நிறுத்தியாச்சு மாமி, என் கைக்கு இது பறஞ்சிட்டில்லை, விதிச்சதில்லை” என்றாள். நான் உடனே சொன்னேன், சாதகம் போதவில்லை, போதாத இடத்தில் எதுவும் வராது, வராததைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட நிறுத்துவது மரியாதை என்று. சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியத்தை இதற்கு முன்னும் ஒரு தடவை இதே சமையலறையில் இதே குரலில் சொல்லியிருக்கிறேன் என்று தோன்றியது. அவள் தோசைக்கல்லைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அதன் பிறகு மூன்று நாள் பதினொரு மணிக்குச் சத்தம் இல்லை. நிம்மதியாகப் பேப்பர் படித்திருக்க வேண்டும், படிக்கவில்லை. நாலாம் நாள் அவள் வருவதற்கு முன்னால் கரண்ட் போயிற்று, தோசைக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை, தேங்காயும் மிளகாயும் எடுத்துக்கொண்டு நானே கிணற்றோரம் போய் அம்மியில் உட்கார்ந்தேன். தேங்காய்த் துண்டை எங்கே வைத்தாலும் நடுவுக்கு நழுவி வந்தது. எத்தனை வருஷம் அரைத்த அம்மி, நடுவில் குழிந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாததா, கல் கொத்துகிறவனை வருஷா வருஷம் கூப்பிட்டு மேலெல்லாம் புள்ளி புள்ளியாகப் பொளியச் சொன்னவளே நான்தானே. அரைத்ததை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய் அந்தக் கோல்களை எடுத்துவந்தேன். அம்மியின்மேல் மெதுவாக நாலு தடவை தட்டிப் பார்த்தேன், இரண்டும் குழிக்குள் இறங்கி ஒன்றையொன்று முட்டின. எழுந்து துணி துவைக்கும் கல்லுக்குப் போய் அங்கே தட்டினேன், அது சமமான கல், இரண்டும் தத்தம் இடத்திலேயே விழுந்தன. என் தோள்பட்டைக்குப் பத்து அடிக்குமேல் முடியவில்லை, பத்தே போதுமானதாக இருந்தது. நாலு மாதம் அவள் குழிக்குள் அடித்திருக்கிறாள், நான் மேலே உட்கார்ந்து மார்க் போட்டிருக்கிறேன். கோளாறு கல்லில், கல் கொடுத்தவள் நான், நாலு மார்க் அவளுக்கு.

கமலாக்ஷி வந்ததும் சொன்னேன். அவள் நம்பவில்லை, மாமி தன்னைச் சமாதானப்படுத்துகிறாள் என்று நினைத்தாள், நான் யாரையும் சமாதானப்படுத்துகிறவள் இல்லை என்பது நினைவு வந்த பிறகு நம்பினாள். ஆசானிடம் போய்ச் சொல் என்றேன், “அய்யோ, கல்லு சரியில்லென்னு சொன்னா ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன மாதிரி ஆகும் மாமி, எல்லாரும் சிரிப்பா” என்றாள், அதுவும் நியாயம்தான். ஆகையால் அந்தச் சனிக்கிழமை அவள் புருஷன் ஆட்டோவில் நானே அவளோடு பள்ளுருத்திக்குப் போனேன். அம்பலத்தை ஒட்டி ஒரு கூடம், இருபத்திரண்டு பெண்கள் வரிசையாகத் தரையில் கல்லை வைத்து உட்கார்ந்திருந்தார்கள், மீன் விற்கிறவள், தையல்காரி, பாங்கில் வேலை பார்க்கிறவள், எல்லோரும் இருந்தார்கள். ஆசான் குள்ளமான மனிதர், குரல் மட்டும் பெரிது. நான் நின்றபடியே, இவள் கையில் குற்றமில்லை, குழி விழுந்த அம்மியில் அடிக்கச் சொன்னது நான், நாலு மாதம் தப்பாகத் திட்டியதும் நான், என்று சொன்னேன். எழுபத்திரண்டு வயதில் இருபத்திரண்டு பேர் முன்னால் இப்படிச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “அம்மிமேலெ கொட்டினா சட்னிதான் கிட்டும் அம்மா, மேளம் கிட்டுமோ” என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது, தையல்காரி கோலைக் கீழே போட்டுவிட்டே சிரித்தாள். சிரித்து முடியட்டும் என்று காத்திருந்தேன். பிறகு அவர் கமலாக்ஷியைச் சமமான கல்லில் உட்காரவைத்து, இரண்டு வாரம் ஒரு கை மட்டும், முதலில் இடது பிறகு வலது, அதற்கப்புறம்தான் இரண்டும், மகரம் ஒன்று என்று சொன்னதை உற்சவத்துக்கு முந்தின வாரம்வரை தள்ளிப் பார்க்கலாம் என்றார்.

நான் உடனே கிளம்பவில்லை, ஒரு நாற்காலி கேட்டு வாங்கி வகுப்பு முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அதில் ஒன்றைக் கவனித்தேன், அதை உனக்குச் சொல்ல வேண்டும். அந்த மனிதர் தப்பு விழுந்தால் ஒன்றும் சொல்வதில்லை. நடந்துகொண்டே இருப்பார், யாராவது ஒருத்திக்கு ஒரு வரி சரியாக விழுந்துவிட்டால் அந்த நிமிஷத்தில் அவள் பக்கம் திரும்பி “அது” என்பார். அவ்வளவுதான். பலே இல்லை, சபாஷ் இல்லை, அது. நேரம் கிடைத்தபோது காரணம் கேட்டேன். தப்பு ஆயிரம் மாதிரி வரும் அம்மா, ஒவ்வொன்றாய்ச் சொல்லி முடியுமா, சரி ஒரே மாதிரிதான் வரும், வரும்போது கைக்குக் காட்டிக் கொடுத்தால் கை அதைப் பிடித்துக்கொள்ளும் என்றார். கான்வென்டில் எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் தப்பான தையலைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போவார், எது சரியான தையல் என்று ஒருநாளும் விரல் வைத்துக் காட்டியதில்லை, புகழ்ந்தால் பெண்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். நானும் அதையே படித்து, அதையே வீட்டுக்குக் கொண்டுவந்து, அதையே உனக்கும் செய்தேன். சிஸ்டரைக் குறை சொல்லவில்லை, என் தையல் இன்றைக்கும் பிரியாது. ஆனால் எனக்குத் தையலில் ஒருநாளும் ஆசை வந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மறுநாளிலிருந்து காலண்டரில் மார்க் இல்லை. துவைக்கும் கல்லைத் திண்டிலிருந்து இறக்கச் சொல்லி, அதன் முன்னால் அவள் பலகை போட்டு உட்கார, நான் எதிரே நாற்காலியில். பழகிய தப்பைக் கையிலிருந்து எடுப்பது புதிதாகப் படிப்பதைவிடச் சிரமம் என்று அப்போதுதான் பார்த்தேன். குழி இல்லாத இடத்திலும் அவள் கோல்கள் குழியைத் தேடிக்கொண்டு உள்ளே சாய்ந்தன. ஆறு நாள் இடது கை மட்டும் ஒரு மணி நேரம், தினமும், ஒரே சொல். ஏழாம் நாள் ஒரு வரி முழுதும் நேராக விழுந்தது. எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது, வாயைத் திறக்க வரவில்லை, அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக்கமில்லை அல்லவா. மறுபடி விழுந்தபோது “அது” என்றேன். அவள் உடனே நிறுத்திவிட்டு, “மாமி ஏதாவது சொன்னேளா, அடுப்பிலெ எதாவது இருக்கா” என்றாள். அடுப்பில் ஒன்றுமில்லை, நிறுத்தாதே, அடி என்றேன். அவளுக்குப் புரிந்து சிரித்துக்கொண்டே அடித்தாள், சிரித்ததில் தப்பாயிற்று, அதை நான் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை சொல்ல முடிந்த நாளும் உண்டு, ஒரு தடவைகூடச் சொல்ல முடியாத நாளும் உண்டு, பொய்யாக ஒருநாளும் சொல்லவில்லை. பொய்யாகச் சொன்னால் கை பொய்யைப் பிடித்துக்கொள்ளும்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரங்கேற்றம் ஆயிற்று. கமலாக்ஷிக்கு இரண்டாம் வரிசை, இடமிருந்து மூன்றாவது. செண்டையின் கயிறு தோளை அறுக்கும் என்று துணி மடித்து உள்ளே வைத்திருந்தாள், முகத்தில் பவுடர் கொஞ்சம் அதிகம். நாற்பது நிமிஷம் அடித்தார்கள். வேகம் கூட்டிய இடத்தில் அவள் ஒரு தடவை தவறினாள், தெளிவாகத் தவறினாள், வரிசையில் எல்லோர் கோலும் மேலே இருந்தபோது இவளுடையது கீழே இருந்தது. நானூறு பேர் நின்றிருந்தார்கள், அவள் புருஷனும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார், பிறகு பார்த்தால் பாதிக்குமேல் பெண்களின் கால்கள்தான் விழுந்திருந்தன. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு அடி விட்டு மூன்றாவதில் அவள் சேர்ந்துகொண்டாள், அந்த நேரத்தில் ஆசான் தன் செண்டையை அடித்தபடியே அவள் பக்கம் தலையை ஆட்டினார். தவறியவளைப் பார்த்து அல்ல, சேர்ந்துகொண்டவளைப் பார்த்து. எனக்கு அந்த இடத்தில் நின்றுகொண்டிருக்க முடியவில்லை, கால்வலி என்று சொல்லி ஆட்டோவில் போய் உட்கார்ந்தேன்.

கேசவா, இனி எழுதப்போவதை நான் அப்பாவிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை. நீ பன்னிரண்டு வயதில் வெங்கிட்டு வாத்தியாரிடம் மிருதங்கம் சேர்ந்தாய். மூன்றாவது மாதம் பக்கத்து வீட்டு ஜெயலக்ஷ்மி சுவருக்கு அந்தப்புறமிருந்து, “கேசவுக்கு இன்னும் ஒண்ணும் பிடிபடலை போலிருக்கே” என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. என் பிள்ளையின் தப்பு அடுத்த வீட்டில் கேட்கக் கூடாது என்று அன்றைக்கே ஒரு கெட்டித் துண்டை நாலாக மடித்து மிருதங்கத்தின் வலந்தலையில் போட்டு, இதன்மேல் வாசி, நன்றாக வந்த பிறகு எடுக்கலாம் என்றேன். கான்வென்டில் டைப்ரைட்டிங் வகுப்பில் எங்கள் கையின்மேல் துணியை விரித்துத்தான் பழக்கினார்கள், கட்டையைப் பார்க்காமல் அடிக்க வேண்டும் என்று, அதில்தான் நான் முதல் வகுப்பு வாங்கினேன், ஆகையால் துணி கெடுதல் செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு மறைத்தது கண்ணை, உனக்கு நான் மறைத்தது காதை. அந்த வித்தியாசம் தெரிய எனக்கு முப்பது வருஷத்துக்குமேல் ஆகியிருக்கிறது. அப்பா ஒருநாள், “துண்டை எடுத்துட்டுத்தான் வாசிக்கட்டுமே, என்ன போச்சு” என்றார், நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன், அவர் பேப்பருக்குப் போய்விட்டார். இரண்டு வருஷம் நீ தினம் ஒரு மணி நேரம் துண்டின்மேல் வாசித்தாய், ஒருநாள்கூட விடவில்லை, ஜுரத்தில்கூட உட்கார்ந்தாய். வாத்தியார் வீட்டில் திறந்த தோலில் கை வைத்தால் நாதம் எழும்பவில்லை, எப்படி எழும்பும், விரல் எழும்பி வரும் இடமே அதற்குத் தெரியாதே. அவர் என்னைக் கூப்பிட்டனுப்பி, வீட்டில் எப்படிச் சாதகம் செய்கிறான் என்று கேட்டார். தினம் ஒரு மணி நேரம் என்று சொன்னேன். துண்டைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் போட்டாய் என்று கேட்பார், ஜெயலக்ஷ்மி சொன்னதைச் சொல்ல வேண்டிவரும், அதற்கு எனக்கு மனமில்லை. அப்படியானால் கையில் நாதமில்லை என்று அவர் சொன்னார், நான் வீட்டுக்கு வந்து, உனக்குக் கை வராது, வராததைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட நிறுத்துவது மரியாதை என்றேன். மிருதங்கத்தை மறுவாரமே மடத்து பஜனைக்குக் கொடுத்துவிட்டேன், வாத்தியாரும் போய்விட்டார், இனி அவரிடம் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்லலாம், சொல்கிறேன். அந்தத் தீர்ப்பு தப்பு. நான் சொன்னதால் தப்பு என்று மட்டும் இல்லை, விசாரிக்காமல் சொன்னதால் தப்பு.

அரங்கேற்றத்திலிருந்து வந்ததும் ஸாதனாவுக்குப் போன் செய்தேன், உனக்குச் சொல்ல வேண்டாம் என்றேன், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. கேசவ் வீட்டில் எதன்மேல் சாதகம் செய்கிறான் என்று கேட்டேன். “சோபாவோட மெத்தையை எடுத்து மடியில வெச்சுண்டு அதுமேலதான்மா, கீழ்வீட்டுக்காரா காதில விழப்படாதுன்னு” என்றாள். அவர்கள் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, நீயாகவே செய்துகொண்டது என்றாள். நான் சற்று நேரம் பேசாமல் இருந்தேன், அவள் லைன் போய்விட்டதென்று நினைத்து ஹலோ ஹலோ என்றாள். துண்டை நான் போட்டேன், மெத்தையை நீயே போட்டுக்கொண்டிருக்கிறாய். யாரிடம் படித்தாய் என்று கேட்கத் தேவையில்லை.

ஆகையால் நான் சொல்வதைச் செய். பதினைந்தாம் தேதி போ, ஆனால் கோலைக் கொடுக்காதே. உன் ஆசானிடம் எட்டு மாதமும் மெத்தையின்மேல் அடித்ததைச் சொல். வெட்கமாக இருக்கும், எனக்கும் இருந்தது, ஐந்து நிமிஷம்தான் இருக்கும். சமையல் மேடைக்குப் போடும் கிரானைட்டில் உடைந்த துண்டு கடைகளில் சும்மாவே கொடுப்பார்கள் என்று கமலாக்ஷி புருஷன் சொல்கிறார், சமமான துண்டாகப் பார்த்து வாங்கு, விரலால் தடவிப் பார், குழி இருக்கக் கூடாது. கீழ்வீட்டுக்காரர்களிடம் நீயே போய்ப் பேசி அவர்களுக்குத் தொந்தரவில்லாத ஒரு நேரம் கேட்டு வாங்கு, கையோடு ஏதாவது பட்சணம் கொண்டுபோ, அவர்கள் வேண்டாம் என்றால் கார் நிறுத்தும் இடத்தில் உட்கார். தினம் நாற்பது நிமிஷம் போதும், ஒரே நேரத்தில், ஒரே சொல்லை, அவசரப்படாமல். ஒருநாள் இரண்டு மணி நேரம் அடித்துவிட்டு மூன்று நாள் விடுவது உன் அப்பா வழி, அது வேண்டாம். முதலில் இடது கை மட்டும். விஷுவுக்கு உனக்குச் செண்டை கிடைக்காமல் போகலாம், மெத்தையில் பழகிய கையைத் திருப்ப இரண்டு மாதம் போதுமா என்று எனக்குத் தெரியாது, கிடைக்காவிட்டால் இலைத்தாளத்தை ஒழுங்காகப் பிடி, தாளம் பிடிக்கிறவன் தவறினால் செண்டை முழுதும் தவறும். உனக்குக் கை வரும் என்று நான் எழுதவில்லை என்பதைக் கவனி. உன்னைச் சந்தோஷப்படுத்த எழுதலாம், எழுதினால் அது பொய். உனக்குக் கை வருமா வராதா என்பது எனக்குத் தெரியாது, வாத்தியாருக்கும் தெரியாது, ஏனென்றால் உன் வாசிப்பை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நீயும் கேட்டதில்லை. முதலில் கேள். பிறகு நிறுத்துவதானால் நிறுத்து, அது உன் தீர்ப்பாக இருக்கட்டும், என்னுடையதாக இருக்க வேண்டாம்.

ஸாதனாவையும் ஒரு பத்து நிமிஷம் எதிரே உட்காரச் சொல். அவளுக்குத் தாளம் தெரிய வேண்டியதில்லை, இரண்டு அடியும் சமமாக விழுவது யாருக்கும் கேட்கும். கேட்கும்போது மட்டும் “அது” என்று சொன்னால் போதும் என்று அவளிடம் நான் சொல்லிவிட்டேன்.

உங்கள் இருவருக்கும் குருவாயூரப்பன் துணை இருப்பான், ஆரோக்கியமும் மனச்சாந்தியும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு சாதகம் செய்யாதே, கைக்கும் கோலுக்கும் நடுவில் எதுவும் வேண்டாம். அடுத்த ஞாயிறு, அதாவது அந்தப் பதினைந்தாம் தேதி, வகுப்புக்குப் புறப்படுமுன் எனக்குப் போன் செய், இங்கே இரவாகியிருந்தாலும் விழித்திருப்பேன், போனைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நாற்பது நிமிஷமும் அடி. தப்பெல்லாம் என் காதில் விழட்டும், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நாற்பது நிமிஷத்தில் நான் ஒரு தடவைகூட வாய் திறக்காவிட்டால் லைன் போய்விட்டதென்று நினைக்காதே, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஸ்வர்ணலதா வெங்கிடாசலம்